ஏற்காட்டுத் தம்பியின் மைட்டர் சாவும் பறந்துபோன மரத்துண்டும்

கேள்வி கேட்ட தம்பி ஏற்காட்டில் இருக்கிறார். குடும்பத்துக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரங்களில் காற்றில் சாய்ந்த இரண்டை அறுத்துப் பலகையாக்கி வைத்திருக்கிறார். அதில் தேனீப் பெட்டிகள் செய்யலாம் என்று 10 அங்குல காம்பவுண்ட் மைட்டர் சா ஒன்று, அதாவது சுற்றும் பிளேடை மேலிருந்து இறக்கி மரத்தைக் குறுக்கே வெட்டும் மெஷின், வாங்கியிருக்கிறார். பெட்டிக்குள் தொங்கும் சட்டத்துக்காகச் சின்னக் குச்சி ஒன்றை வெட்டியபோது பலத்த சத்தத்தோடு குச்சி கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்ச் சுவரில் அடித்திருக்கிறது. இடதுகை பிளேடின் பக்கமாக ஒரு விரற்கடை நகர்ந்துவிட்டதாம். அன்றிலிருந்து மெஷினைத் தொடவில்லை. எங்கே தவறினேன், கையுறை போட்டால் சரியாகுமா, எந்த பிளேடு போட வேண்டும், தனியாளாக இதில் வேலை செய்யலாமா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார்.

தம்பி, நிறுத்திவைத்துவிட்டுக் கேட்டீர்களே, அது நல்ல காரியம். நான் சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம் மரப்பட்டறை வைத்திருக்கிறேன். 26 ஆண்டுகளாகக் கதவு, நிலை, சன்னல் வேலை. மைட்டர் சா எங்கள் பட்டறைக்கு வந்து 15 ஆண்டுகள் இருக்கும். இத்தனை நாளில் இந்த மெஷினில் நான் பார்த்த விபத்துகளில், ஒன்றே ஒன்றைத் தவிர, யாரும் பிளேடை நோக்கிக் கையை நீட்டவில்லை. மரம் அசைந்தது, மரத்தைப் பிடித்திருந்த கை மரத்தோடு போனது. உங்களுக்கு நடக்க இருந்ததும் அதுதான். ஆகவே பிளேடைப் பார்த்துப் பயப்படுவதைவிட, மரம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கப் பழகுங்கள். நான் சொல்லப்போவது எல்லாம் அந்த ஒன்றைச் சுற்றித்தான் வரும்.

முதலில், அன்று என்ன நடந்தது என்று பார்ப்போம். மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் இரும்புத் தடுப்பை ஃபென்ஸ் என்போம். இந்த மெஷினில் பிளேடின் அடிப்பக்கப் பற்கள் உங்களிடமிருந்து ஃபென்ஸை நோக்கி ஓடுகின்றன. அதாவது, வெட்டும்போது பிளேடே மரத்தைப் பின்னால் தள்ளி ஃபென்ஸில் அழுத்துகிறது. மரம் ஏற்கெனவே ஃபென்ஸில் ஒட்டியிருந்தால் இந்த அழுத்தம் நமக்கு உதவி. நூல் இடைவெளி இருந்தாலும் அந்த இடைவெளியை பிளேடு ஒரே அடியில் மூடிவிடும். 255 மில்லிமீட்டர் பிளேடு நிமிடத்துக்கு 4,500 சுற்றுச் சுற்றினால் அதன் பல் விநாடிக்கு 60 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 216 கிலோமீட்டர். சேலம் சந்திப்பில் நின்று போகும் வந்தே பாரத் வண்டிகூட அந்த வேகத்தைத் தொடுவதில்லை. அந்த வேகத்தில் பல் மரத்தைக் கவ்வும்போது நம் கையின் பிடி ஒரு பொருட்டே இல்லை.

இப்போது ஃபென்ஸை இன்னொரு முறை உற்றுப் பாருங்கள். அது நீளமான ஒரே தடுப்பு இல்லை. பிளேடு போய்வரவும், சாய்த்து வெட்டும்போது இடிக்காமல் இருக்கவும் நடுவில் அகலமாக விட்டிருப்பார்கள். பல மெஷின்களில் அந்த இடைவெளியில் நான்கு விரல் தாராளமாக நுழையும். நீளமான பலகைக்கு இது ஒரு குறையே இல்லை. உங்கள் குச்சியோ ஒரு சாண்கூட இல்லை. அதன் ஒரு முனைக்குப் பின்னால் தாங்க ஒன்றுமே இல்லாதபடி இடைவெளியின் மேல் நின்றிருக்கும். பல் பட்டவுடன் அந்த முனை பின்னோக்கிச் சாய்ந்து இடைவெளிக்குள் போகும், குச்சி திரும்பும், திரும்பிய குச்சி பிளேடின் பக்கவாட்டில் மாட்டும், எகிறும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். நீங்கள் இறுக்கிப் பிடித்திருந்தால் கை இன்னும் வேகமாக உள்ளே போயிருக்கும்.

இதற்கு மருந்து எளிது. வளைவில்லாத ஒரு பிளைவுட் பட்டையை, 12 மில்லிமீட்டர் கனமும் ஒரு கை உயரமும் இருந்தால் போதும், ஃபென்ஸின் முகத்தில் இரு பக்கமும் மூடுமாறு வைத்துப் பின்னாலிருந்து திருகாணி போடுங்கள். அதற்காகவே ஃபென்ஸில் துளைகள் இருக்கும். திருகாணி பிளேடின் பாதையில் இல்லை என்பதைப் பிளக்கைக் கழற்றிவிட்டு, பிளேடைக் கையால் தாழ்த்திப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு மெஷினை ஓட்டி அந்தப் பட்டையின் நடுவில் ஒரு வெட்டு விடுங்கள். இனி பிளேடின் கனத்துக்குமேல் இடைவெளியே கிடையாது. குச்சியின் இரு முனைக்கும் முதுகு கிடைத்துவிட்டது. மேசையிலும் பிளேடு இறங்கும் வாய் அகன்றுபோயிருந்தால் அதன் மேலும் ஒரு மெல்லிய பிளைவுட் துண்டைப் போட்டு அப்படியே செய்யுங்கள். வெட்டின் விளிம்பு சிலும்பாமல் வரும் என்பது கூடுதல் லாபம்.

அடுத்தது கை. பிளேடிலிருந்து இடமும் வலமும் 15 சென்டிமீட்டருக்குள் கை வரக் கூடாது. சில மெஷின்களில் மேசைமேலேயே கோடு போட்டுக் கையின் படத்தைக் குறுக்கே அடித்துக் காட்டியிருப்பார்கள். உங்கள் மேசையில் இல்லையென்றால் சிவப்புப் பெயிண்டால் இரண்டு கோடு நீங்களே போடுங்கள். இதைப் பெரிய விஷயமாகவே சொல்கிறேன். கோடு இருக்கும் மெஷினில் புதுப் பையன்களின் கை தானாகத் தள்ளி நிற்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மரத்தின் நீளம் போதாமல் கை கோட்டுக்குள் வருகிறது என்றால் அங்கே கைக்கு வேலை இல்லை, மரத்தை மேசையோடு இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போடுங்கள். மெஷினோடு வந்த செங்குத்துக் கிளாம்பைப் பலரும் அட்டைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள். அதை எடுத்து மாட்டுங்கள். இடப்பக்க மரத்தை வலக்கையால் பிடித்து, அதன்மேல் இடக்கையைக் குறுக்கே போட்டு சுவிட்சை அழுத்துவது மட்டும் எந்த அவசரத்திலும் வேண்டாம். மரம் இழுத்தால் முழங்கையே பிளேடின் பாதையில் இருக்கும்.

மலைமரம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் சிக்கலில் பாதி அதில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் ஊர். அங்கே அறுத்துக் கொட்டகையில் அடுக்கிய சில்வர் ஓக் பலகை உள்ளுக்குள் ஈரமாகவே இருக்கும். காயக் காய ஒரு பக்கம் வில்லாக வளையும், அல்லது முறுக்கிக்கொள்ளும். மேலிருந்து எனக்கு வரும் பலகைகளை நான் இறக்கிய வாரத்தில் வெட்டுவதில்லை. இடையில் குச்சி கொடுத்து அடுக்கி, இரண்டு மூன்று மாதம் சேலத்துக் காற்றில் விட்டுவிடுகிறேன்.

வெட்டுமுன் பலகையைக் கண்ணுக்கு நேரே தூக்கி, துப்பாக்கி குறி பார்ப்பதுபோல விளிம்பு ஓரமாகப் பாருங்கள். வில்லின் புடைத்த பக்கம் ஃபென்ஸைத் தொட வேண்டும். இதைத் தலைகீழாக வைப்பவர்கள்தான் அதிகம், ஏனென்றால் இரண்டு நுனியும் ஃபென்ஸில் பட்டு நிற்கும்போது பலகை ஆடாமல் ஒழுங்காக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அப்படி வைத்தால் பிளேடு இறங்கும் நடுவில்தான் இடைவெளி. வெட்டு முடியும் தறுவாயில் இரண்டு பாதியும் பின்னோக்கித் தளர்ந்து ஒன்றையொன்று நெருங்கும்; வெட்டின் வாய் மூடி பிளேடைக் கவ்வும். சத்தத்திலேயே தெரிந்துவிடும்: சீராக வந்துகொண்டிருந்த ஒலி திடீரென்று கனத்து முனகும். அந்த முனகலைக் கேட்டவுடன் பிளேடை மேலே பிடுங்காதீர்கள். சுவிட்சை விடுங்கள், இருந்த இடத்திலேயே நிற்க விடுங்கள், பிளக்கைக் கழற்றுங்கள், பிறகு மரத்தை எடுங்கள்.

முறுக்கிய பலகை இதைவிடப் பொல்லாதது. மேசைமேல் வைத்து ஒவ்வொரு மூலையாக விரலால் தட்டிப் பாருங்கள். எங்காவது டக்டக்கென்று ஆடினால் அந்தப் பலகை இந்த மெஷினுக்கு உரியது இல்லை. இழைப்புளியால் ஒரு முகத்தைச் சமமாக்கிவிட்டு வாருங்கள். உருண்டையான எதுவும், காப்பிச் செடித் தண்டோ மூங்கிலோ சவுக்குக் கழியோ, வெறும் மேசைமேல் வேண்டவே வேண்டாம். பல் பட்டவுடன் உருளும். நடுவில் நெடுகப் பள்ளம் வெட்டிய கட்டையில் கிடத்தி, கிளாம்ப் போட்டுத்தான் வெட்ட வேண்டும். தோட்டத்து மரத்தில் இன்னொன்றும் உண்டு. மிளகுக்கொடி ஏற்றிய சில்வர் ஓக்கில் எப்போதோ கட்டிய கம்பி, எல்லைவேலிக்கு அடித்த ஆணி எல்லாம் மரம் வளர வளர உள்ளே புதைந்துவிடும். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றை நூலில் கட்டிப் பலகைமேல் இழுத்துப் பாருங்கள்; மேலாகப் புதைந்திருப்பதை அது காட்டிக் கொடுக்கும்.

நீளப் பலகைக்கு இரு நுனியிலும் தாங்கி வேண்டும், அதுவும் மேசையின் மட்டத்துக்கு. தாங்கி இல்லாவிட்டால் பலகை கவிழும் என்று எல்லோருக்கும் தெரியும். தாங்கி மேசையைவிட உயரமாக இருந்தாலும் தவறுதான். நடுப்பகுதி தொங்கி, வெட்டின் வாய் மூடிக்கொள்ளும்.

இனி வெட்டும் முறை. கை பழகும்வரை வாயால் சொல்லிக்கொண்டே செய்யலாம். மரம் கீழே மேசையிலும் பின்னால் ஃபென்ஸிலும் முழுதாகப் படிந்திருக்கிறதா? பிளேடு மரத்தைத் தொடாமல் மேலே இருக்கிறதா? பிறகு சுவிட்ச். முழு வேகம் வரும்வரை காத்திருங்கள்; ஒலி ஏறி ஒரே சுருதியில் நிற்கும். அதன்பின் நிதானமாக இறக்குங்கள். அழுத்த வேண்டாம், பிளேடு தின்னும் வேகத்துக்குக் கை போனால் போதும். வெட்டு விழுந்ததும் பிளேடைக் கீழேயே வைத்துக்கொண்டு சுவிட்சை விடுங்கள். முழுதாக நின்ற பிறகுதான் மேலே தூக்க வேண்டும். சுற்றும் பிளேடைத் தூக்கினால் அதன் பின்பக்கப் பற்கள் வெட்டுண்ட சின்னத் துண்டை மேல்நோக்கி வாரிக்கொண்டு போகும். அந்தத் துண்டு முகத்துக்கும் வரும்.

அந்த ஒரே விதிவிலக்கான விபத்து இங்கேதான் நடந்தது. எங்கள் முதல் மெஷினுக்கு பிரேக் கிடையாது. சுவிட்சை விட்டபிறகும் பிளேடு பத்து விநாடி சுற்றும். சத்தம் அடங்கிவிடும், பல் கண்ணுக்குத் தெரியாத மங்கலான வட்டமாக ஓடிக்கொண்டிருக்கும். உதவிக்கு வந்த 19 வயதுப் பையன் சத்தம் நின்றதும் வேலை முடிந்தது என்று நினைத்து, பிளேடின் ஓரம் கிடந்த மெல்லிய பீடிங் பட்டைத் துண்டை எடுக்கக் கை நீட்டினான். மோதிர விரலின் நுனி போய்விட்டது. அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வேண்டியவன் நான். அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் துண்டைக் கையால் எடுப்பதே கிடையாது. ஒரு முழ நீளக் குச்சி மெஷினின் ஓரத்திலேயே கட்டித் தொங்கும். பிளேடு நின்ற பிறகு அந்தக் குச்சியால் தள்ளுவோம். உங்கள் மெஷினில் பிரேக் இருந்தால் சுவிட்சை விட்டு எண்ணிப் பாருங்கள், சில விநாடிகளில் நிற்க வேண்டும். நாள்பட நாள்பட நிற்கும் நேரம் நீள்கிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

பிளேடின் மூடியைப் பற்றி ஓர் அனுபவம். ஓர் ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம், மாலை போட்டோம். விடுமுறை முடிந்து வந்து நான் முதல் வெட்டை விட்டுத் தூக்கினால், கீழ்மூடி பாதியில் நிற்கிறது. பல் வெளியே தெரிகிறது. பொட்டு வைத்த பையன் பக்தியோடு மூடியின் கீல் மேலேயே கட்டை விரலால் அழுத்தி வைத்திருக்கிறான். சந்தனம் காய்ந்து சுண்ணாம்புபோல இறுகி, மாலையின் நாரும் ஸ்பிரிங்கில் சுற்றியிருந்தது. கழற்றிச் சுத்தம் செய்ய அரைமணி நேரம் ஆனது. இப்போது பொட்டு அடித்தட்டில் மட்டும்தான். தினமும் காலையில் பிளக்கைப் போடுவதற்கு முன் மெஷினைத் தாழ்த்தி உயர்த்திப் பாருங்கள். மூடி தானாகத் திறந்து தானாக மூட வேண்டும். மரத்தூளும் பிசினும் சேர்ந்தாலும் இதே நிலைதான் வரும். பார்வைக்கு மறைக்கிறது என்று மூடியைக் கம்பியால் தூக்கிக் கட்டுகிறவர்களின் பட்டறையில் நின்று வேடிக்கைகூடப் பார்க்காதீர்கள்.

பிளேடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். குறுக்கு வெட்டுக்கு 60 பல் போதும், பீடிங் போன்ற நுண்வேலைக்கு 80. எண்ணிக்கையைவிட முக்கியமானது பல்லின் சாய்வு. நெடுக்காக அறுக்கும் மேசை ரம்பத்தின் 24 பல் பிளேடில் பற்கள் 20 பாகை அளவுக்கு முன்னோக்கிச் சாய்ந்து மரத்தை இழுத்து விழுங்கும். அதை இந்த மெஷினில் மாட்டினால், இறக்கும்போதே பிளேடு தானாக மரத்தின்மேல் ஏறிவரும். உங்களுக்கு வேண்டியது பல் பின்னோக்கிச் சாய்ந்தது. உறையில் சாய்வு மைனஸ் 5 பாகை என்பதுபோல எழுதியிருக்கும். அப்படிக் கிடைக்காவிட்டால் பூஜ்யத்துக்கு அருகில் உள்ளதாகப் பாருங்கள். பிளேடில் பொறித்திருக்கும் உச்ச வேகம் உங்கள் மெஷினின் வேகத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். நடுத்துளை மெஷினின் அச்சுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். தளர்வாக இருக்கிறதே என்று தகரம் சுற்றி மாட்டக் கூடாது.

மாற்றும்போது முதல் வேலை பிளக்கைக் கழற்றுவது. சுவிட்சை அணைத்தால் போதாது. பிளேடைப் பிடிக்கும் போல்ட் பெரும்பாலும் இடமரை. கடிகாரத் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் ஸ்பேனரில் ஏறி நின்று தலையை நசுக்கியவர்கள் உண்டு. பிளேடின் அம்புக்குறியும் மூடியின் அம்புக்குறியும் ஒரே திசையில் இருக்க வேண்டும். மாட்டி முடித்ததும் கையால் ஒரு சுற்றுச் சுற்றி எங்கும் உரசவில்லை என்று பாருங்கள், பூட்டுப்பொத்தான் வெளியே வந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

சேலத்தில் கிரில் பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அங்கே கம்பி வெட்டும் 14 அங்குலக் கட்டிங் மெஷினும் நம் மைட்டர் சாவும் தூரத்தில் பார்க்க அண்ணன் தம்பிபோல இருக்கும். அதனால் சிலர் இரும்பு வெட்டும் கல்தட்டை இதில் மாட்டுகிறார்கள். தீப்பொறி போகும் இடமெல்லாம் மரத்தூள். இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. அதைவிட அதிகமாக விரல்களை எடுப்பது, கிரைண்டரிலும் மார்பிள் கட்டரிலும் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டும் வழக்கம். கையில் பிடிக்கும் அந்தச் சின்ன மெஷின்கள் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கும் மேல் ஓடுபவை. மைட்டர் சா வாங்கியதே உங்கள் கைக்கு நல்ல காலம். வாங்கிய பிறகு அந்தப் பழக்கத்துக்குத் திரும்பாதீர்கள்.

காம்பவுண்ட் என்ற பெயருக்குக் காரணமான வெட்டு, அதாவது மேசையையும் திருப்பி பிளேடையும் சாய்த்து ஒரே இறக்கத்தில் வெட்டுவது, தேனீப் பெட்டிக்குத் தேவைப்படாது. ஆனால் உங்கள் ஊரில் தேவை வரும். ஓடு வேய்ந்த பழைய பங்களாக்களின் நான்குபக்கச் சரிவுக் கூரையைச் செப்பனிடும்போது, மூலை விட்டத்தில் வந்து சேரும் சிறு கைமரங்களுக்கு இந்த வெட்டுத்தான். கட்டடத்தின் மூலை நேர்கோணமாகவும் எல்லாப் பக்கச் சரிவும் ஒன்றாகவும் இருந்தால் கணக்கு எளிது: கூரை 30 பாகை சரிவு என்றால் மேசையை 30க்குத் திருப்புங்கள், பிளேடை 45க்குச் சாயுங்கள். கூரைத்தளத்தின் ஓரம் 45 பாகையில் சாய்ந்து நிற்கும் கார்னிஸ் பட்டையை மேசையில் படுக்கவைத்து வெட்டுவதற்கு மேசை 35.3, சாய்வு 30. இந்த எண்களைப் பட்டறைச் சுவரில் எழுதிவைத்திருக்கிறேன்.

இந்த வெட்டில் ஆபத்து மூன்று இடத்தில் ஒளிந்திருக்கிறது. சாயும் பிளேடு ஃபென்ஸின் மேல்பகுதியை இடிக்கும். அதை முதலிலேயே நகர்த்த வேண்டும். பிளக் இல்லாமல் ஒருமுறை முழுதாக இறக்கிப் பார்ப்பதை விடவே கூடாது. இரண்டாவது, கோணத்தில் வெட்டும்போது மரம் ஃபென்ஸ் ஓரமாகவே வழுக்கி நகரப் பார்க்கும். கையின் பிடி போதாது, கிளாம்ப் வேண்டும். ஃபென்ஸ் முகத்தில் உப்புத்தாள் ஒட்டினால் வழுக்கல் குறையும். மூன்றாவது, சாய்ந்த பிளேடுக்கு அடியில் கிடக்கும் துண்டு தப்பிக்க வழியில்லாமல் சிக்கிக்கொள்ளும். ஆகவே வேண்டிய மரம், அதாவது நீங்கள் பிடித்திருக்கும் மரம், எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, விழும் துண்டு பிளேடின் திறந்த பக்கத்தில் இருக்கும்படி வையுங்கள்.

கையுறை வேண்டாம். இது பலருக்கும் வியப்பாக இருக்கிறது. தோல் உறையானாலும் நூல் உறையானாலும் பல்லின் வேகத்துக்கு அது தடையே இல்லை. வெறும் விரலில் பட்டால் வெட்டும். உறையில் பட்டால் நூலைச் சுற்றிக் கையையே உள்ளே இழுக்கும். பிளேடு மாற்றும்போது மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். இதே காரணத்துக்காக மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறு, காப்பு, மோதிரம், கழுத்துத் துண்டு, தொளதொளத்த சட்டைக்கை எல்லாம் வெளியே. கயிற்றைக் கழற்ற மனம் வராதவர்கள் முழங்கைக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொள்ளட்டும். என் பட்டறையில் அப்படித்தான் செய்கிறார்கள். லுங்கியோடு நிற்க வேண்டாம். மலையில் குளிருக்குச் சால்வை போர்த்தும் பழக்கம் இருந்தால் வேலை முடியும்வரை அதை ஆணியில் மாட்டிவிடுங்கள்.

கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான், மூக்குக்கு நல்ல முகக்கவசம். மரத்தூளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மூக்கிலும் அதை ஒட்டிய எலும்பறைகளிலும் வரும் புற்றுநோய். எங்கள் தலைமுறைத் தச்சர்கள் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அறுத்தோம், அது போதாது.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. இந்த மெஷின் 1,600 முதல் 1,800 வாட் வரை இழுக்கும். 230 வோல்ட்டில் அது 7 முதல் 8 ஆம்பியர். வீட்டின் 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டாதீர்கள், 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் வேண்டும். கொட்டகை தூரத்தில் இருந்தால் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் எக்ஸ்டென்ஷன் செய்யுங்கள், சுருட்டி வைத்தபடி ஓட்டாமல் முழுதாக விரித்துவிடுங்கள். மழைக்காலத்தில் மேலே மின்னழுத்தம் இறங்கும். அப்போது பிளேடு வேகம் எடுக்காமல் திணறும், திணறும் பிளேடு மரத்தைக் கவ்வும். அந்த நேரத்தில் வேலையை நிறுத்துங்கள். வெட்டின் நடுவில் மின்சாரம் போனால் சுவிட்சை விட்டுப் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் தேநீருக்குப் போக வேண்டும்.

தனியாளாக வேலை செய்யலாமா என்பது உங்கள் நான்காவது கேள்வி. சேலத்தில் என்றால் ஒருவேளை சரி என்றிருப்பேன். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 30 கிலோமீட்டர் அளவில்தான் என்றாலும் நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு கையைத் துணியால் அழுத்திக்கொண்டு மறுகையால் வண்டி ஓட்டி இறங்க முடியாது. ஆகவே கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒருவர் இருக்கும்போது மட்டும் மெஷினை ஓட்டுங்கள். அவர் வேலை தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. பிளக் எங்கே இருக்கிறது, 108க்கு எப்படி அழைப்பது, காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேல் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்தால் போதும். விரல் துண்டாகிவிட்டால் அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டிமேல் வைக்க வேண்டும். பனிக்கட்டி விரலில் நேராகப் படக் கூடாது. பட்டால் தசை கெட்டுவிடும். இதைப் படிக்கும்போது வயிறு கலங்கும் என்று தெரியும். தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

கடைசியாக, உங்கள் குச்சிகளுக்கு வருகிறேன். நியூட்டன் பெட்டி எனப்படும் சின்ன வகைத் தேனீப் பெட்டிக்குத்தான் சட்டம் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன்; அதன் பக்கக் குச்சிகள் சின்னவை. முதலில் மரத்தை நீளமாகவே வைத்துக்கொண்டு, தேவையான அகலத்துக்கும் கனத்துக்கும் கொண்டுவாருங்கள். நெடுக்கு அறுப்பு இந்த மெஷினில் கிடையாது. அதற்கு மேசை ரம்பம் உள்ள பட்டறைக்குக் கொடுத்து வாங்குங்கள். மூன்று அடி நீளப் பட்டையை இடக்கையால், சிவப்புக் கோட்டுக்கு வெளியே, ஃபென்ஸோடு சேர்த்துப் பிடியுங்கள். எல்லாக் குச்சியும் ஒரே அளவில் வர, தடுப்புக்கட்டை ஒன்று வைக்கத் தோன்றும். அதை வலப்பக்கம், வெட்டுண்டு விழும் குச்சியின் முனையில், கிளாம்ப் போட்டுவிடாதீர்கள். அந்தக் குச்சி கட்டைக்கும் பிளேடுக்கும் நடுவில் இறுகி அம்புபோல வெளியே வரும். அன்று உங்களுக்கு நடந்ததில் இதற்கும் பங்கு இருந்திருக்கலாம்.

அளவுக்கட்டையை இப்படி வையுங்கள்: வலப்பக்கம் ஃபென்ஸில், பிளேடிலிருந்து குச்சியின் நீளத்தோடு ஒரு அங்குலம் கூடுதலாகத் தள்ளி ஒரு கட்டையை கிளாம்ப் போடுங்கள். அதற்கும் பட்டையின் முனைக்கும் நடுவில் சரியாக ஒரு அங்குலம் அகலமுள்ள தனித் துண்டு ஒன்றை வைத்து, பட்டையை அதில் முட்டவிட்டு, பட்டையை கிளாம்ப் போட்டுப் பிடித்தபின் அந்தத் தனித் துண்டை எடுத்துவிடுங்கள். இப்போது அளவு சரி, விழும் குச்சிக்கு ஒதுங்க ஒரு அங்குல இடமும் இருக்கிறது. வெட்டுங்கள், பிளேடை நிற்க விடுங்கள், முழ நீளக் குச்சியால் தள்ளுங்கள், அடுத்தது. பட்டை ஒரு முழத்துக்கும் குறைவாக வந்ததும் நிறுத்திவிட்டுப் புதிய பட்டையை எடுங்கள். மிச்சம் வீணாகிறதே என்று தோன்றினால் அதை மரவைஸில் இறுக்கிக் கைரம்பத்தால் அறுங்கள். சில்வர் ஓக்கில் ஒரு குச்சிக்கு அரை நிமிடம்கூட ஆகாது.